கிளேர் மாவட்டத்துக் கரண்ட்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். வர முடியவில்லையே என்ற குறை எங்களுக்கு இருக்கத்தான் செய்கிறது. இங்கே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தை மாதம் நாகர்கோவில் வரும்போது மணமக்களைப் பார்க்கிறோம்.

அப்புறம், இணையத்துக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டர்களால் அயர்லாந்தில் கரண்டுக்கே பஞ்சமாமே என்று கேட்டிருந்தாய். பஞ்சம் என்று சொல்ல முடியாது, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. ஆனால் ஈபியில் காலமெல்லாம் இருந்தவனுக்கு ஒரு வரியில் பதில் எழுதினால் சரிப்படாது.

அரசுப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2015-ல் நாட்டில் மீட்டரில் ஓடிய மின்சாரத்தில் 5 சதவீதம்தான் டேட்டா சென்டர்களுக்குப் போனது. 2023-ல் அது 21 சதவீதம். அந்த ஆண்டு நகரத்து வீடுகள் அத்தனையும் சேர்ந்து 18, கிராமத்து வீடுகள் அத்தனையும் சேர்ந்து 10. பெரும்பாலும் தலைநகர் டப்ளினைச் சுற்றி நிற்கும் கொஞ்சம் கட்டடங்கள், இந்த நாட்டுக் கிராமங்கள் மொத்தமும் எரிப்பதைப் போல இரண்டு மடங்கு எரிக்கின்றன. மறு வருஷம் 22 சதவீதம் ஆகிவிட்டது.

மேற்கே நாங்கள் இருக்கும் கிளேர் மாவட்டத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஷானன் ஆற்றின் ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1929-ல் திறந்தார்கள், சுமார் 85 மெகாவாட். 1930-களில் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. இன்று அதே மாவட்டத்தில் எனிஸ் ஊருக்கு வெளியே திட்டம் போட்டிருக்கும் ஒரே ஒரு டேட்டா சென்டர் வளாகத்துக்கு 200 மெகாவாட் கேட்கிறார்கள்.

அணை கட்டியதும் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு வெளிச்சம் வந்துவிட்டது என்று நினைக்காதே. கிராம மின்மயத் திட்டம் 1946-ல்தான் தொடங்கியது. பின்லாந்திலிருந்து மரக்கம்பங்கள் கப்பலில் வந்தன. மின்வாரிய ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்; அதிகம் பேர் சம்மதித்த சர்ச் பங்கு வட்டாரத்துக்குத்தான் முதலில் லைன். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்: வீடு, தொழுவம் எல்லாவற்றின் பரப்பையும் அளந்து ஒரு நிலைக்கட்டணம் போட்டார்கள்; எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டும் என்று பயந்து அவருடைய அப்பா முதலில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாராம். அம்மாதான் விடாமல் பேசி இழுத்திருக்கிறார். வந்த கரண்டில் முதலில் எரிந்தது இயேசுவின் திருஇருதயப் படத்தின் கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. இன்றும் அந்தச் சமையலறைச் சுவரில் அது இருக்கிறது.

நஷ்டம் என்று தெரிந்தும் அரசு மானியம் கொடுத்துக் கடைசி மலைக்கிராமம் வரை லைன் இழுத்தார்கள். அந்த வேலை 1970-கள் வரை நீண்டது. யாருக்கு முதலில், யார் செலவில் என்பதை அன்று ஊர் கூடிப் பேசினார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கிளேரின் தென்மேற்கில், ஷானன் ஆற்றின் கழிமுகக் கரையில் மணிபாயிண்ட் அனல்மின் நிலையம் இருக்கிறது. 2025 ஜூனில் நிலக்கரி எரிப்பதை நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம். அங்கிருந்து இரண்டு 400 கேவி லைன்கள் நாட்டின் குறுக்கே கிழக்கு நோக்கிப் போகின்றன. காற்றாலைகள் அதிகம் மேற்கில், மின்சாரத்தை இழுக்கும் லோடு கிழக்கில். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் லைன் தாங்காமல் காற்றாலைகளைக் குறைக்கச் சொல்கிறார்கள். முப்பந்தலில் நீ பட்ட பாடுதான், உனக்கு விளக்க வேண்டியதில்லை. 2021-லிருந்து டப்ளின் பகுதியில் புது டேட்டா சென்டருக்கு இணைப்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. எனவே பார்வை எங்கள் பக்கம் திரும்புகிறது.

2025 ஜனவரி 24-ல் ஏயோவின் என்று ஒரு புயல் அடித்தது. கால்வே கடற்கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேலான வேகம், இந்நாட்டில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். 7,68,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. மேற்கே சில வீடுகளுக்குத் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இங்கே ஏராளமான கிராமத்து வீடுகளுக்குச் சொந்த போர்வெல்தான், கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. இதற்கு டேட்டா சென்டர் காரணமில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். காற்றோடு, லைன் ஓரத்துக் காட்டு மரங்கள் விழுந்ததுதான் பெரிய காரணம். ஆனால் புதுத் துணைமின் நிலையத்துக்கும் உயரழுத்த லைனுக்கும் பணமும் ஆளும் ஒதுக்கும்போது, வயலுக்கு நடுவே ஓடும் இந்தக் கடைசி லைன்களுக்கும் அதே அவசரம் காட்ட வேண்டாமா? செலவு கடைசியில் எல்லார் பில்லிலும் ஏறத்தானே போகிறது.

டேட்டா சென்டரே வேண்டாம் என்பவன் இல்லை நான். உன் பேத்தியின் வீடியோவை நான் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். 2025 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் புது விதி கொண்டுவந்தது: பெரிய டேட்டா சென்டர் இணைப்புக் கேட்டால், தன் தேவைக்கு ஈடான உற்பத்தியையோ சேமிப்பையோ தானே வைத்திருக்க வேண்டும். இது சரியான திசை என்பது என் எண்ணம். ஆனால் அந்த உற்பத்தி எரிவாயு என்ஜினாகவே இருந்துவிட்டால் நிலக்கரியை நிறுத்தியதில் பாதிப் பலன் போய்விடும். கூடவே, எந்த மாவட்டத்து வழியாக லைன் போகிறதோ அந்த மாவட்டத்துக் கிராம லைன்களைப் பலப்படுத்தும் செலவிலும் அவர்கள் பங்கு போட வேண்டும் என்று எங்கள் கவுன்சிலருக்கு எழுதியிருக்கிறேன்.

சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் வரும் டேட்டா சென்டர்களுக்கு அங்கே எப்படி லோடு ஒதுக்குகிறார்கள்? தனி பீடர் லைனா, துணைமின் நிலையச் செலவு யார் தலையில்? பழைய ஆட்களிடம் விசாரித்து எழுது. முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்பதையும் சேர்த்து எழுது, போன கடிதத்திலேயே கேட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்