விசில் ஊதுவதற்கு முன்னால்

அன்புள்ள குமரனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. பர்சனல் டிரெய்னர் வைத்துக்கொள்ளலாமா என்று போனில் கேட்டாய். "முப்பது வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்தீங்களே, நீங்களே சொல்லுங்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் அந்த டிரெய்னர் தம்பி உன்னிடம் என்னென்ன கேட்டார்? வயதும் எடையும் மட்டும் என்றால் போதாது. பி.பி., சுகர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், படியேறினால் நெஞ்சை அடைக்கிறதா, முதுகில் பழைய அடி ஏதாவது உண்டா, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும். தாத்தா 51 வயதில் போனதை, அவர் கேட்காவிட்டாலும் நீ சொல்லிவிடு. "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பினால், அந்த ஆளை விட்டுவிடாதே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்போர்ட்ஸ் டேக்காக எட்டாம் வகுப்புப் பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். மூன்றாவது சுற்றில் ஒருவன் பின்தங்கினான். சோம்பேறி என்று நினைத்து விசில் ஊதி விரட்டினேன். வேப்பமரத்தடிக்கு வந்ததும் அப்படியே சரிந்துவிட்டான். நாலு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறான். முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஏண்டா சொல்லலை?" என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றான். பிறகு ரிடையர் ஆகிற வரைக்கும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்காமல் நான் விசிலைத் தொட்டதில்லை.

அப்புறம், நீ குனிந்து எடை தூக்கும்போது அவர் கண் உன் முதுகில் இருக்கிறதா, செல்போனில் இருக்கிறதா பார். முதுகு வளைந்தால் உடனே கம்பியில் மாட்டிய எடைத் தட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய கம்பி வெறுமனே 20 கிலோ இருக்கும். துடைப்பக் கட்டையை வைத்துப் பழக்கினாலும் கௌரவம் பார்க்காதே.

தசை வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மூட்டுக்குள் குத்தினால் அது வேறு, நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. தசை சிதைந்து கிட்னியைத் தாக்குகிற சமாச்சாரமாக இருக்கலாம். "செம ஒர்க்கவுட் சார்" என்று அதற்கும் கைதட்டுகிற டிரெய்னர்கள் உண்டு.

மாதம் பத்து கிலோ குறைப்பேன் என்கிறாராமே? வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ, அதுதான் நியாயமான கணக்கு. புரதப் பவுடர் டப்பாவையும் அவரே விற்றால் கொஞ்சம் யோசி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் வீட்டிலேயே உண்டு. தசை வளர ஊசி என்று பேச்செடுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடு. வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதே, மாதாமாதம் கட்டு, ரசீது வாங்கு.

நீயும் அவரிடம் பொய் சொல்லாதே. ராத்திரி பதினோரு மணிக்கு பிரியாணி சாப்பிட்டால், சாப்பிட்டேன் என்று சொல்.

அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், பார்சலில் வரும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, அந்தத் தம்பி என்ன கேட்டார் என்பதைச் சொல்.

அன்புடன்,
அப்பா