டோனி பென் துறந்த பட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாரிசு அரசியல் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவரான டோனி பென் தந்தை இறந்த உடனே பிரபுப் பட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டதாகக் கூறுகிறது. அப்படி எறிய முடிந்திருந்தால் அவருக்கு இரண்டரை ஆண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அன்றைய சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பரம்பரைப் பட்டம் வந்தடைந்தவர் பிரபுக்கள் சபைக்கு உரியவர் ஆகிவிடுவார், மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் இருக்க முடியாது.

1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியா மந்திரியாக இருந்த அவருடைய தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதாத நிலையில், 1942இல் ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆனார். பாதிரியாராக எண்ணியிருந்த மூத்த மகன் மைக்கேலுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் விமானப்படையில் இருந்த மைக்கேல் 1944இல் உயிரிழக்க, வாரிசுரிமை தம்பியின் தலையில் விழுந்தது. அதிலிருந்து விடுபட 1955இலேயே டோனி முயன்றார், தந்தையும் துணைநின்றார், பலிக்கவில்லை.

1960 நவம்பரில் தந்தை காலமானதும், பத்தாண்டுகளாக வகித்த பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி கைவிட்டுப் போயிற்று. 1961 மே இடைத்தேர்தலில் மீண்டும் நின்று 23,275 வாக்குகள் பெற்று வென்றவரை, காமன்ஸ் சபையின் வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. தேர்தல் நீதிமன்றமோ, 10,231 வாக்குகளே பெற்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு அந்த இடத்தை அளித்தது. அவரும் வேறொரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசாக இருந்தவர்தான் என்பது தனிக்கதை.

1963 ஜூலை 31 அன்று, பட்டத்தைத் துறக்க இடம் தரும் புதிய சட்டம் அரச ஒப்புதல் பெற்ற மாலையிலேயே, முதல் ஆளாக பென் பட்டத்தைத் துறந்தார். மூன்றே மாதத்தில், கன்சர்வேடிவ் கட்சியின் ஹோம் பிரபு இதே சட்டத்தைக் கொண்டு பட்டத்தைக் கைவிட்டு, பிரதமராகக் காமன்ஸ் சபைக்குள் வந்தார். போராடியவர்கள் வேண்டிய பலன் இதுவாக இருந்திருக்காது.

அந்தத் துறவு துறந்தவரின் ஆயுளுக்கு மட்டுமே செல்லும் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. 2014 மார்ச்சில் பென் மறைந்ததும் மூத்த மகன் ஸ்டீபன் மூன்றாம் ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆனார். 2021இல் பிரபுக்கள் சபையிலும் அமர்ந்தார். இன்னொரு மகன் ஹிலாரி 1999 முதல் காமன்ஸ் சபை உறுப்பினர். டோனியின் தாத்தாக்கள் இருவருமே அச்சபையில் இருந்தவர்கள். இக்குடும்பத்தை வாரிசு அரசியலுக்கு எதிர்ச்சான்றாகக் கட்டுரை நிறுத்தியிருப்பதால், உரிய திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்