நீலக்கல் அல்ல, செப்பு ஒட்சலேற்று

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் கடந்த ஞாயிற்றுக்கிழமை 'அவுஸ்திரேலியாவின் அரிய நீலக்கல்' என்ற தலைப்பில், மூலூவைற்று என்னும் செப்பு ஒட்சலேற்றுக் கனியத்தைப் பற்றி வெளிவந்த குறிப்பை இரண்டு முறை வாசித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் முதன்முறை வாசித்தேன். இரண்டாம் முறை என்னையறியாமலே கை சிவப்புப் பேனையைத் தேடியது. உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. குறிப்பில் நான்கு பிழைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், மற்றவை அப்படியல்ல.

தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன். இரத்தினபுரி மாணிக்கம் விற்கும் இந்த நாட்டில் நீலக்கல் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். அது அலுமினியம் ஒட்சைட்டு. இரும்பும் தைத்தேனியமும் சிறிதளவு கலந்திருப்பதால் நீலமானது. வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது. தாங்கள் எழுதிய கனியமோ கண்ணுக்குத் தெரியும் பளிங்காகக்கூட வளராமல், பாறையின் வெடிப்புகளில் பொடியாகவும் மெல்லிய பூச்சாகவும் படிவது. இரண்டுக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவில்லை. குறிப்பு வெளிவந்த மறுநாளே எங்கள் ஒழுங்கையில் முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பி ஒருவர், வயற்கொட்டிலில் கிடந்ததென்று நீலக்கட்டி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "சேர், பேப்பரில வந்த கல்லு இதுதானோ?" என்று கேட்டார். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி ஒரு துண்டை அதில் இட்டேன். சிறிது நேரத்தில் கட்டியிலிருந்து நீல இழைகள் அடிநோக்கி வழிந்தன. அது மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேற்று. பயிரின் பங்கசு நோய்க்கென்று யாரோ வாங்கி மறந்துவிட்ட நஞ்சு. செப்பு ஒட்சலேற்றை அதேபோல நீரில் இட்டிருந்தால் கரையாமல் அடியில் கிடந்திருக்கும். தம்பியைக் கைகழுவ அனுப்பிவிட்டுத்தான் இக்கடிதத்தை எழுத அமர்ந்தேன்.

இனிக் கனியத்துக்கு வருகிறேன். மேற்கு அவுஸ்திரேலியாவில் உள்ள மூலூ டவுன்ஸ் என்னும் கால்நடைப் பண்ணையின் பெயரால் அழைக்கப்படும் இதைக் கிளார்க், வில்லியம்ஸ் என்ற இருவர் 1986 ஆம் ஆண்டு முறைப்படி விவரித்து வெளியிட்டனர். அந்தப் பண்ணையில் பன்பரி வெல் என்ற இடத்தில் செப்புச் சல்பைட்டுகளைக் கொண்ட பாறை வெளியே தெரிகிறது. வெயிலிலும் மழையிலும் அந்தச் சல்பைட்டுகள் சிதைந்து செப்பு அயன்களை வெளிவிட, பறவைகளின் எச்சத்திலிருந்து ஊறிவந்த ஒட்சலேற்று அவற்றைச் சந்தித்த இடத்தில் இந்த நீலப் பொடி பிறந்தது. நீலமும் பச்சைசார்ந்த நீலமும் அதன் நிறங்கள். அதிலுள்ள இருவலுச் செப்பு அயன் ஒளியின் சிவப்புப் பக்கத்தை உறிஞ்சிக்கொள்வதால் எஞ்சிய நீலமே நம் கண்ணுக்கு வருகிறது. மயில்துத்தம் நீலமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

குறிப்பின் நடுவே 'செப்பு ஒட்சைட்டு' என்று வந்திருப்பதை அச்சுப்பிழையென்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மாணவர் பக்கத்தில் அந்த ஒரு சொல் மாறினால் பாடமே மாறிவிடும், ஏனெனில் செப்பின் ஒட்சைட்டுகளில் ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. நீலமான ஒட்சைட்டு அதற்கில்லை. ஒட்சலேற்று என்பது ஒட்சாலிக் அமிலத்தின் உப்பு. நம் முற்றத்து ஓரத்தில் தானாக முளைக்கும் புளியாரையைக் கிள்ளி மென்றால் பல் கூசும் அல்லவா, அந்தச் செடி இனத்தின் தாவரவியற் பெயரிலிருந்துதான் இந்த அமிலத்துக்குப் பெயரே வந்தது. கரணைக்கிழங்கை வெட்டும்போது கையைக் கடிப்பதும் சரியாக வேகாவிட்டால் தொண்டை காறுவதும் அதிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிகளால்தான். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவையும் கல்சியம் ஒட்சலேற்றே. அதே கல்சியம் உப்பு பாறைகளிலும் கிடைக்கும்போது அதற்கு ஹியூவெலைற்று என்று கனியப் பெயர் உண்டு. ஆகவே ஒட்சலேற்று நமக்குப் புதியதல்ல. செப்போடு அது சேர்ந்து இயற்கையில் தங்குவதுதான் அரிது.

மூன்றாவது பிழைதான் என்னை அதிகம் உறுத்தியது. மூலூவைற்றில் காபன் இருப்பதால் அது காபனேற்றுக் கனியங்களுள் அடங்கும் என்றும், செப்புக் காபனேற்றுகளான அசுறைற்று, மலகைற்று ஆகியவற்றின் உடன்பிறப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனியங்களை அவற்றிலுள்ள மூலகங்களை எண்ணிப் பார்த்து வகுப்பதில்லை. எதிரேற்றமுள்ள தொகுதி எதுவென்று பார்த்தே வகுக்கிறார்கள். காபனேற்று அயனில் ஒரு காபனைச் சுற்றி மூன்று ஒட்சிசன்கள் நிற்கும். ஒட்சலேற்றிலோ இரண்டு காபன்கள் ஒன்றையொன்று பிடித்திருக்க, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஒட்சிசன்கள் இருக்கும். மலகைற்றின்மேல் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் நுரைத்துக் காபனீரொட்சைட்டு வெளியேறும். செப்பு ஒட்சலேற்று நுரைக்காது. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு நிமிடத்தில் காட்டக்கூடிய வேறுபாடு இது.

உள்ளமைப்பும் வேறுதான். ஒவ்வோர் ஒட்சலேற்று அயனும் இடப்புறம் ஒரு செப்பையும் வலப்புறம் ஒரு செப்பையும் இரண்டிரண்டு ஒட்சிசன்களால் கவ்விக்கொள்ள, அந்தச் செப்பு அடுத்த ஒட்சலேற்றின் கையில் அகப்பட, இப்படியே நாடாவாக நீண்டு செல்லும் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மயில்துத்தத்தில் ஒரு செப்புக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்பது மாறாத கணக்கு. மூலூவைற்றில் நீர் ஒன்றுக்கும் குறைவு, அதுவும் நிலையான எண் அல்ல. பளிங்கின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. நீளங்கள் மட்டும் வெவ்வேறு.

கனியங்களை ஸ்ட்ரன்ஸ் என்பவர் வகுத்த முறையில் காபனேற்றுகள் ஐந்தாம் வகுப்பு, மூலூவைற்றோ பத்தாம் வகுப்பான சேதனச் சேர்வைகளுள், சேதன அமில உப்புகளின் பிரிவில் நிற்கிறது. மற்றொரு வகுப்பு முறையான டேனா முறையில் அதற்குரிய வகுப்பின் எண் 50. 'சேதனம்' என்ற சொல் 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு நம் வயல்காரர் காதில் எப்படி ஒலிக்கிறதென்று எனக்குத் தெரியும். இங்கே அதற்கு அந்தப் பொருளில்லை, காபனை அடிப்படையாகக் கொண்ட சேர்வை என்பதே பொருள். ஒட்சலேற்று அயனில் காபனோடு பிணைந்த ஐதரசன் ஒன்றுகூடக் கிடையாது என்பதால், அதைச் சேதனம் என்பதே சரியா என்று கெட்டிக்கார மாணவர் எவரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது ஒரு சேதன அமிலத்தின் உப்பு என்ற உறவை வைத்தே கனியவியலாளர்கள் அங்கே வைத்திருக்கிறார்கள், நானும் அதை ஏற்கிறேன்.

'பறவை எச்சத்தில் உருவானதால் இது உண்மையான கனியம் ஆகாது' என்ற கடைசி வாக்கியம் நான்காவது பிழை. சர்வதேசக் கனியவியல் சங்கத்தின் வரையறை கேட்பது, பொருள் புவியியற் செயற்பாட்டால் உருவாகியிருக்க வேண்டும் என்பதையே. எச்சம் ஒரு மூலப்பொருளைத் தந்தது உண்மைதான். ஆனால் செப்பைத் தந்தது பாறை, இரண்டையும் சேர்த்துவைத்தது பாறை சிதைந்த அந்த நெடுங்கால வேலை. இதே பொருளை நான் வகுப்பில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். செப்புச் சல்பேற்றுக் கரைசலுக்குள் சோடியம் ஒட்சலேற்றைத் துளித்துளியாக விட, வெளிர்நீல வீழ்படிவு முகில்போல எழும். மேலும் மேலும் விட்டால் அந்த முகில் கலைந்து கடும் நீலக் கரைசலாகும். குழாயில் இருப்பதும் செப்பு ஒட்சலேற்றுத்தான், ஆயினும் மனிதன் செய்தது என்பதால் அதற்குக் கனியம் என்ற பெயர் இல்லை. என் தாயார் பித்தளைக் குத்துவிளக்கின் களிம்பைப் பிலிம்பிக்காயால் தேய்த்துவிட்டுக் கழுவ மறந்த நாட்களில், தண்டின் வரிப்பள்ளங்களில் வெளிறிய நீலப் படிவு ஒன்று காய்ந்து கிடக்கும். பிலிம்பியில் ஒட்சாலிக் அமிலம் மிகுதி, பித்தளையில் செப்பு உண்டு. அது எதுவாக இருந்தாலும் விளக்கில் இருக்கும்வரை கனியமல்ல.

உயிர்களின் பங்கு எச்சத்தோடு முடிவதுமில்லை. செப்புச் செறிந்த பாறைகளில் வளரும் சில இலைக்கன்களின் (பங்கசும் அல்காவும் கூடி வாழும் உயிர்களின்) உடலுக்குள்ளேயே நீரேறிய செப்பு ஒட்சலேற்று இருப்பதை 1987 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தனக்கு நஞ்சாகும் செப்பைக் கரையாத உப்பாக்கிக் கட்டிப்போட்டுவிட்டு அந்த உயிர் வாழ்கிறது.

மூலூவைற்று தனியனுமல்ல. பென்சில்வேனியாவின் வீற்லி சுரங்கத்தில் கிடைத்த, சோடியமும் சேர்ந்த நீலச் செப்பு ஒட்சலேற்றான வீற்லியைற்று அதே 1986 இல் விவரிக்கப்பட்டது. நான் மேலே சொன்ன கடும் நீலக் கரைசலை ஆவியாகவிட்டால் கிடைக்கும் உப்புக்கு உறவானது அது. பின்னர் சிலியில் பறவை எச்சம் குவிந்த குவானோப் படிவிலிருந்து அன்ரிப்பினைற்றும், தெற்கு அவுஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கமொன்றிலிருந்து மிடில்பக்கைற்றும், வட இத்தாலியின் பியெம்மே பள்ளத்தாக்கிலிருந்து பியெமைற்றும் வந்து சேர்ந்தன. எல்லாம் நீலம். இத்தாலியில் பறவைக்குப் பங்கில்லை. மணற்கல்லில் புதைந்து கரியான, பேர்மியன் என்னும் மிகப் பழைய புவிக்காலத்து மரமே அங்கே ஒட்சலேற்றைக் கொடுத்தது.

இதைத் திருகோணமலையிலிருந்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மாவட்டத்துக் கனியம் என்றால் எல்லோரும் புல்மோட்டை இல்மனைற்று மணலையே சொல்வார்கள். சேருவிலவில் இரும்புத் தாதான மக்னற்றைற்றோடு சேர்ந்து செப்புத் தாதான கல்கோபைரைற்று இருப்பது 1971 இல் கண்டறியப்பட்டதை மாணவர் பலர் அறியார். எச்சம் தோய்ந்த பாறைக்கோ நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. ஒன்று ஓரிடத்தில், மற்றது வேறிடத்தில். இரண்டும் சேரும் இடமொன்று இங்கே உண்டென்று நான் சொல்லவில்லை. மூலூவைற்று ஏன் இவ்வளவு அரிதானது என்பதை எங்கள் வரைபடத்திலேயே காட்டலாம் என்கிறேன்.

அடுத்த ஞாயிறு இதழில் அதே மாணவர் பக்கத்திலேயே, தலைப்பில் 'நீலக்கல்' என்பதற்கு 'நீலக் கனியம்' என்றும், 'ஒட்சைட்டு' என்பதற்கு 'ஒட்சலேற்று' என்றும், 'காபனேற்று வகுப்பு' என்பதற்குச் 'சேதனச் சேர்வை வகுப்பு' என்றும் திருத்தி, கடைசி வாக்கியத்தை நீக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் மயில்துத்தக் கட்டியைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.