1971: ஆவணங்கள் சொல்வது

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 16 வந்தால் வங்கதேசப் போர் வெற்றியை நம் நாளிதழ்கள் தவறாமல் நினைவுகூர்கின்றன. ஆனால், வங்கதேச மக்கள் கொல்லப்பட்டபோது அமெரிக்க அரசு எப்படி நடந்துகொண்டது என்பதை வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களையும் அரசு ஆவணங்களையும் கொண்டு நிறுவிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரி பாஸின் ஆய்வு, நான் வாசித்தவரை, தமிழில் போதுமான கவனம் பெறவில்லை.

1971 மார்ச் 25 இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், தம் அரசின் மௌனத்தைக் கண்டித்து அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையொப்பமிட்ட தந்தியை, தாமும் அதை ஆதரித்து, ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்கு அனுப்பினார். விரைவிலேயே அவர் டாக்காவிலிருந்து அகற்றப்பட்டார். சீனாவுடன் ரகசியமாக உறவை ஏற்படுத்த பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் பாலமாக இருந்ததால், அவரை நெருக்க அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு மனமில்லை. அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் அனுப்பிய குறிப்பொன்றில் நிக்சன், யாஹ்யாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று கைப்பட எழுதி, 'வேண்டாம்' என்பதை மூன்று முறை அடிக்கோடிட்டிருக்கிறார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்த ஆண்டில் எழுதப்பட்ட அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்குக் கோபமே மிஞ்சியது.

வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினிக்கு இந்தியா ரகசியமாக ஆயுதமும் பயிற்சியும் அளித்ததையும் பாஸ் மறைக்கவில்லை. வரும் டிசம்பரில் இவ்வாய்வு குறித்து விரிவான கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி