இரண்டு கிலோ அரிசியும் வீட்டுக்கு வரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்தத் தை மாதத்திலிருந்து, வீட்டுக்கு அரிசி அனுப்பக் குறைந்தது ஒரு சிப்பமாவது வாங்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டோம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி எங்கும் இரண்டு கிலோ கேட்டாலும் வண்டி வரும். கட்டுப்படியாகுமா என்று அக்கறையோடு விசாரிக்கிறீர்கள். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கடிதம் என்ன என்றும் கேட்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

அது பிரெஞ்சுத் தளபதி லாலி 1761 ஜனவரி 2 அன்று புதுச்சேரியிலிருந்து எழுதிய கடிதத்தின் தமிழ். ஊரைச் சுற்றி ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் படை, கடலில் ஆங்கிலக் கப்பல்கள். உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. புத்தாண்டு இரவு அடித்த புயலில் அந்தக் கப்பல்களில் சில மூழ்கின, சில கரைதட்டி உடைந்தன. கடல்வழி திறந்துவிட்டது என்று லாலி, பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதி ரேமோனுக்கு எழுதினார். ஒரு நொடியும் தாமதிக்காதே, சலங்கு சலங்காக (சலங்கு என்றால் சரக்குப் படகு) அரிசி அனுப்பு, படகுக்காரருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடு, ஒரு தடவைக்கு அரைக் கரிசையானாலும் சரி, அனுப்பு என்று மன்றாடுகிறார்.

கரிசை என்பது பழைய தானிய அளவை; 400 மரக்கால். ஒரு ஊருக்கே சோறு போட வேண்டியவருக்கு அதில் பாதி எம்மாத்திரம்? அதுவாவது வரட்டும் என்று அவர் இறங்கி வருகிற அந்த வரியில் அரிசிக்காரர்களான எங்களுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. சில நாளில் கப்பல்கள் மறுபடி வந்து கடலை அடைத்தன. 16ஆம் தேதி புதுச்சேரி பணிந்தது. அத்தனை வருடம் அந்த ஊரின் கதையை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்னால் காலமாகியிருந்தார்.

லாலிக்காக மட்டும் இரங்க எங்களால் முடியவில்லை. முந்தின நவம்பர் கடைசியில், இருக்கிற தானியம் படைக்கு வேண்டும் என்று நம் ஜனங்கள் சுமார் 1,400 பேரை அவர் ஊரைவிட்டு வெளியேற்றினார். ஆங்கிலேயரும் வழிவிடவில்லை. இரண்டு படைக்கும் நடுவே வெட்டவெளியில் கிழங்கையும் வேரையும் தோண்டித் தின்றுகொண்டு ஒரு வாரம்போலக் கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் போகவிட்டார். பிள்ளைகுட்டிகளோடு கிடந்தவர்களை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்! அதை எந்தப் போர்நியாயம் சொன்னாலும் எங்களால் ஏற்க முடியாது.

சரி, நம் விஷயம். இங்கே பெரிய வீடுகளில் ஆச்சிமார் பலர் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஒற்றை ஆளுக்கு இருபத்தைந்து கிலோ சிப்பம் எதற்கு? பாதி வண்டு விழுந்துபோகிறது. கொஞ்சம் போதும் என்று கேட்கக் கூசிக்கொண்டு, இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அது நடக்கக் கூடாது. வண்டிக்கூலியைப் பெரிய ஆர்டர்களோடு சேர்த்துச் சமாளித்துக்கொள்வோம்.

சில்லறை அரிசியும் சலித்து, கல் பொறுக்கி, துணிப்பையில்தான் வரும். கவுனி அரிசி அரைக் கிலோவும் உண்டு. பழைய அரிசியா புது அரிசியா என்பதை மட்டும் போனில் சொல்லிவிடுங்கள். பையன் முகப்பில் வைத்துவிட்டு வந்துவிட மாட்டான்; வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிவரை கொண்டுவந்து டின்னில் கொட்டிக் கொடுப்பான். வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்காக நேரே எங்களிடமே சொல்லலாம். எண் பில்லின் மேல் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அரிசிக் கடை, காரைக்குடி