சுஹைலியைக் கட்டிய தச்சர்கள் எங்கே? மும்பைத் துறைமுக ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மும்பைத் துறைமுக ஆணையத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

1969 ஏப்ரல் 22 அன்று, உப்பும் துருவும் படிந்த சின்னப் பாய்மரப் படகு ஒன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பியது. ஏறிவந்த சுங்க அதிகாரிகள், வழக்கப்படி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். "ஃபால்மத்" என்றார் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாட்களுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டவர், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், தன்னந்தனியாக உலகைச் சுற்றி முடித்திருந்தார். அவருக்கு முன் அதைச் செய்தவர் யாருமில்லை. அந்தக் கேள்வியைப் படகிடம் கேட்டிருந்தால், அது "பம்பாய்" என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆம், அந்தப் படகான சுஹைலி உங்கள் ஊரில் பிறந்தவள். 32 அடி நீளம், முழுக்கத் தேக்கு. வாய்ச்சியால் செதுக்கி, கையால் துளையிட்டு, நம் தச்சர்கள் கட்டியது. 1965 கடைசியில் பம்பாயிலிருந்துதான் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை ஓட்டிச் சென்றார்.

அந்தப் பயணம் ஒரு போட்டி; 1968இல் அதில் ஒன்பது பேர் இறங்கினார்கள். முடித்தது சுஹைலி மட்டும். குறையில்லாத படகு என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்திலேயே அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது; அவர் கடலுக்குள் மூழ்கி மூழ்கிப் பஞ்சுத்திரி திணித்து அடைத்தார். தென்பெருங்கடலில் அலை புரட்டிப் போட்டதில் குடிநீர் கெட்டது, வானொலி பழுதானது, தானாகத் திசைபிடிக்கும் சுக்கான் கருவி ஆஸ்திரேலியா அருகே உடைந்தே போனது. கருவிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன, மரவேலை கைவிடவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே படகு ஃபால்மத்தில் பாய் விரித்தது என்றால், அந்தப் பலகைகளைப் பொருத்திய கைகளை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாலுமியின் பெயர் உலகுக்குத் தெரியும், அது நியாயமும்கூட. தச்சர்களின் பெயரைத் தேட வேண்டியவர்கள் நாம்தான்.

உங்கள் பழைய பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். மும்பையின் படகுகட்டும் குடும்பங்களை விசாரியுங்கள்; அப்போது இருபது வயதில் வாய்ச்சி பிடித்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் பெயர்களை, இரண்டோ மூன்றோ ஆனாலும், துறைமுகத்தில் மக்கள் நடமாடும் இடத்தில் ஒரு கல்லில் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறித்து வையுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
கடலை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகன்