உள்குழாயைக் கழற்றிப் பார், கண்ணு

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணுக்கு,

நீ போன் செய்து இருபது நாட்கள் ஆகின்றன. மஞ்சள் வெட்டு முடிந்தது. அப்பா நலமாக இருக்கிறார். சித்தி சந்தையில் எதையோ கேட்டு வந்து சொன்னாள். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்த நோயாளிகளை உன்னை நம்பி ஒப்படைக்கிறார்கள் என்று நீ சொன்ன நாளில், முப்பது வருடம் வார்டில் நின்ற எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. சளி உறிஞ்சுவது கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. நெஞ்சில் கரகரப்புக் கேட்டாலோ, ஆக்ஸிஜன் அளவு இறங்கினாலோ, நோயாளி மூச்சுக்குத் திணறினாலோ செய். அதற்கு முன் முழு ஆக்ஸிஜன் கொடு. சளி உறிஞ்சும் மெல்லிய குழாயான கத்தீட்டர், தொண்டைக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. 8 மில்லிமீட்டர் குழாய்க்கு 12ஆம் எண் போதும். உள்ளே விடும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் கத்தீட்டரின் பிடியில் உள்ள துளையைக் கட்டைவிரலால் மூடு. 10 முதல் 15 விநாடிக்குள் கத்தீட்டர் வெளியே வந்துவிட வேண்டும். நாடித்துடிப்பு குறைந்தால் அந்த நொடியே நிறுத்து. தலைமாட்டில் அதே அளவில் ஒரு குழாயும் ஓர் அளவு சிறியதாக இன்னொன்றும் இருக்கின்றனவா என்று டூட்டி ஏற்கும்போதே பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொண்டைக் குழாய்க்குள் செருகியிருக்கும் உள்குழாயைக் கழற்றிப் பார். ஷிப்டுக்கு ஒருமுறையாவது பார். கத்தீட்டர் முட்டி நின்றால் தள்ளாதே. ஆளைக் கூப்பிட்டுவிட்டு உள்குழாயைக் கழற்று. மாமன் மகளிடம் தினமும் பேச நேரம் இருக்கிறவளுக்கு இதைக் கேட்கவும் நேரம் இருக்கும்.

நான் ஏன் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்பதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ மூன்றாவது படித்த வருடம், பூச்சிமருந்து குடித்துப் பல நாட்கள் வெண்டிலேட்டரில் கிடந்த ஒரு தோட்டக்காரருக்குத் தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள். அன்று நைட் டூட்டியில் நான் ஒருத்தி, நோயாளிகள் பலர். இரண்டு மணிக்கு உள்குழாயைச் சுத்தம் செய்ததாகக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், செய்யவில்லை. குரல் இல்லாத அந்த மனிதர் மோதிரவிரலால் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். நான்கு மணிக்கு அவர் உதடு நீலமாகிவிட்டது. கத்தீட்டர் போகவில்லை, நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். டூட்டி டாக்டர் ஓடி வந்து உள்குழாயை உருவியபோது, அதன் முனையில் காய்ந்த கருப்பட்டிப் பாகு போலச் சளி அடைத்திருந்தது. அவர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். நான் எழுதிய பொய்யை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் வார்டில் என்ன நடந்திருந்தாலும், நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதிக் கொடுத்துவிடு கண்ணு. நான் செய்ததைப் போலச் செய்யாதே. சிஸ்டர் இன்சார்ஜ் திட்டினால் திட்டட்டும். புதன்கிழமை உனக்கு ஆஃப் என்று தெரியும். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீயாகச் சொல்லும்வரை எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா